எட்டாத எட்டுக் கால்கள்

அளவு பார்க்காமல் பொருள் வாங்கி அவதிப்படாதவர்கள் யாரும் இருக்க முடியாது. வாசலில் நுழையாத அலமாரி, கட்டிலுக்குப் பத்தாத மெத்தை, தீபாவளியன்று தோளோடு நின்றுவிட்ட ரவிக்கை என்று ஆளுக்கொரு கதை இருக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். என்ன, என்னுடைய வேலையே அளவு பார்ப்பது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அப்படிப்பட்ட நான் பார்க்காமல் விட்டது ஒன்றரை மில்லிமீட்டர். அதன் பலனாக ஒரு சனிக்கிழமை காலையில், கோலா சிலாங்கூர் கடலோரத்தில், இரண்டு நாய்கள், ஏராளமான கொக்குகள், தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் ஒரு சீன முதலாளி, என் சொந்தச் சித்தப்பா, ஐந்து குளம் நிறைய இறால்கள் எல்லோர் முன்னிலையிலும் என் மானம் போனது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ரவாங்கில் ஒரு சின்ன மின்னணு நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. (பொறியாளர் என்று நான் சொல்லிக்கொள்வேன். பெரும்பாலும் மற்றவர்கள் வரைந்ததில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.) கோலா சிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து ஈஜோக் வழியாகத் தினமும் காரில் போய்வருவேன். வழியெல்லாம், நானே முழுசாக வடிவமைத்த ஒரு கருவி உலகத்துக்கு வருவதாகக் கனவு கண்டுகொண்டே ஓட்டுவேன்.

அந்தக் கனவுக்கு வழி செய்து கொடுத்தவர் சித்தப்பா. அவர் ஒரு இறால் பண்ணையில் மேற்பார்வையாளர். குளங்களில் சக்கரம் சுழன்று தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் காற்று கலக்க அதுதான் வழி. சக்கரம் நின்றுபோய் யாரும் கவனிக்காவிட்டால் இறாலுக்கு மூச்சு முட்டிவிடும். அதனால் ஒரு ஆள் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"சக்கரம் நின்னா சத்தம் போடற மாதிரி ஒரு பெட்டி செய்ய முடியுமா பாப்பா?" என்று சித்தப்பா ஒரு நாள் கேட்டார்.

"இது என்ன சித்தப்பா, ரொம்ப ஈசி லா" என்றேன். அந்த 'லா'வில் இருந்த திமிரை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

எங்கள் பாஸும் சம்மதித்துவிட்டார். ஐந்து பெட்டி செய்து முன்னோட்டம் காட்ட வேண்டும், பண்ணை முதலாளியான தவுக்கேக்குப் பிடித்தால் பண்ணை முழுவதற்கும் செய்யலாம் என்று ஏற்பாடு. வேலையும் உண்மையிலேயே சின்னதுதான். மோட்டாரில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஓடாவிட்டால் சைரனை அலறவிட வேண்டும். இதைச் செய்ய எட்டுக் கால் உள்ள ஒரு சில்லு போதும்.

இந்த இடத்தில் சில்லுகளின், அதாவது ஐசிகளின், உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஒரு சில்லின் மூளை, உள்ளே இருக்கும் ஒரு துணுக்கு. நாம் வெளியே பார்க்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கும் வெள்ளிக் கால்களும் அதற்குப் போட்ட உடம்பு. ஒரே மூளையைப் பல அளவு உடம்புகளில் விற்பார்கள். என்னுடைய சில்லு மூன்று அளவில் கிடைத்தது. மூத்ததன் பெயர் எஸ்ஓஐசி. கால்கள் தாராளமாகத் தள்ளித் தள்ளி நிற்கும், வெறும் கண்ணாலேயே எண்ணலாம். நடுவில் உள்ளது டிஎஸ்எஸ்ஓபி. தட்டையானது, கால்களுக்கிடையில் உள்ள தூரம் மூத்ததில் பாதிதான். கடைசி எம்எஸ்ஓபி, அதைவிடவும் ஒடுங்கியது. எதை வாங்குகிறோமோ அதன் கால் படும் இடத்தில் சுற்றுப்பலகையில் செம்புத் திட்டுகள் இருக்க வேண்டும். அந்தத் திட்டுகளை வரைவதுதான் என் வேலை. சேற்றில் கால் பதிந்த தடத்தை முதலில் செய்து வைத்துவிட்டு, அதற்குப் பொருத்தமான ஆளைப் பிறகு தேடுவது போன்ற தொழில் இது.

சைரன் பெட்டி சாப்பாட்டு டிபன் அளவு. உள்ளே இடமோ இடம். மூத்ததையே போட்டிருக்கலாம். பாஸ்கூட என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பெட்டி இவ்ளோ பெருசு, ஐசி ஏன் இவ்ளோ சின்னது பவானி?"

"இப்போல்லாம் இதான் பாஸ் போடறாங்க" என்றேன். (யார் போடறாங்கன்னு அவரும் கேக்கல, எனக்கும் தெரியாது.)

நடுவில் உள்ளதுக்கு வரைந்து, பலகைகள் செய்யக் கொடுத்தாகிவிட்டது. பிறகு சில்லு வாங்கப் போனால், அந்த அளவு கையிருப்பில் இல்லை, வர இரண்டு மாதமாகும் என்றது கடையின் இணையப் பக்கம். நான் சளைக்கவில்லை. எட்டுக் கால், கால்களுக்கு நடுவே பூச்சியம் புள்ளி ஆறு ஐந்து மில்லிமீட்டர், உடம்பின் நீளம் மூன்று மில்லிமீட்டர் என்று தேடியதும் கையிருப்பில் உள்ள ஒன்று வந்து நின்றது. எம்எஸ்ஓபி. பெயரில் ஒன்றிரண்டு எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதானே! ஒவ்வொரு நிறுவனமும் ஒரே அளவை ஒவ்வொரு பெயரில் அழைப்பது வழக்கம்தான். மூன்று எண்ணும் பொருந்திவிட்டது என்ற சந்தோஷத்தில் பொத்தானை அழுத்தினேன். நான்காவதாக ஒரு எண் இருந்தது: இந்தப் பக்கத்துக் கால் நுனியிலிருந்து அந்தப் பக்கத்துக் கால் நுனிவரை உள்ள அகலம். என் பலகைக்கு ஆறு புள்ளி நான்கு வேண்டும். வந்த சில்லுக்கு நான்கு புள்ளி ஒன்பது. திரையில் இரண்டு படமும் ஒரே அளவில்தான் தெரிந்தன. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எந்தச் சில்லும் தோசைக்கல் மாதிரித்தான் இருக்கும்.

முன்னோட்டத்துக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை காலை, சில்லுகள் வந்து சேர்ந்தன. எங்கள் நிறுவனத்தில் ஈயம் வைத்து ஒட்டும் வேலை அம்பிகா அக்காவுடையது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் கண்ணை எடுக்காமலே கூப்பிட்டார்.

"பவானி, கால் எட்டல."

"எட்டு இருக்கும்கா. நல்லா எண்ணிப் பாருங்க."

"எட்டு கால் இருக்கு. எட்டல."

"எட்டு இருக்குன்னு நீங்களே சொல்றீங்களே!"

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "வந்து நீயே பாரு தாயே."

பார்த்தேன். செம்புத் திட்டுகள் இரண்டு வரிசையாக அகலமாக விலகி நிற்க, நடுவில் சில்லு, அப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்ட பிள்ளைபோல உட்கார்ந்திருந்தது. முழுக்கவும் எட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு காலும் கால் மில்லிமீட்டர் அளவுக்குத் திட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுத்தமாக எட்டாமல் போயிருந்தால் அன்றே எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன். அந்தக் கால் மில்லிமீட்டர்தான் என்னைக் கெடுத்தது.

"கொஞ்சம் ஈயம் கூட வச்சு இழுத்து விட்டா நிக்கும்தானேக்கா?"

"நிக்கும். எத்தன நாளைக்கு நிக்கும்னு தெரியாது. நான் செய்ய மாட்டேன். பாஸ்கிட்ட சொல்லு, ரெண்டு வாரம் தள்ளிப் போடுவாரு."

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சித்தப்பா அதற்குள் பண்ணையில் எல்லோரிடமும் "என் அண்ணன் மக செஞ்சது" என்று சொல்லிவிட்டார். சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு, இனிமேல் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று, அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரம் லீவும் கொடுத்திருந்தார். நான் பாஸிடம் போகவில்லை. மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்துவிட்டு ஐந்து பலகையிலும் நானே ஈயத்தை இழுத்து இழுத்து ஒட்டினேன். மேசையில் வைத்துச் சோதித்தேன். ஐந்தும் அற்புதமாக வேலை செய்தன. போகும்போது அம்பிகா அக்கா ஒரு சின்ன ஸ்குரூடிரைவரை எடுத்து என் பைக்குள் போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை வானம் மூடிக் கிடந்தது. பெட்டிகளைக் குளத்துக்கு ஒன்றாக, சக்கர மோட்டார் நிற்கும் கம்பத்திலேயே இறுக்கி மாட்டினோம். தவுக்கே அரைக்கால் சட்டையும் பெரிய தொப்பியுமாக வந்தார். அவருடைய அப்பா தமிழர்கள் வேலை செய்த ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் கடை வைத்திருந்தவராம். அதனால் அவர் பேசிய தமிழ் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

"இந்தப் பொண்ணுதான் இஞ்சினியரா? சரி, காட்டு."

சித்தப்பா முதல் குளத்துச் சுவிட்சை அணைத்தார். சக்கரம் நின்றது. சைரன் அலறியது. கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. சுவிட்சைத் திரும்பப் போட்டதும் தவுக்கே தலையாட்டினார். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் பட்டமளிப்பு விழாவே இருந்தது.

இரண்டாம் குளம். சுவிட்சை அணைத்தார். சக்கரம் நின்றது. சத்தமே இல்லை.

"கொஞ்சம் டைம் எடுக்கும்" என்றேன்.

நின்றோம். தவுக்கே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சித்தப்பா சுவிட்சைத் திரும்பப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மூன்றாம் குளத்துச் சைரன் தானாகவே அலற ஆரம்பித்தது. அங்கே சக்கரம் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். சக்கர மோட்டார் ஓடும்போது கம்பமே அதிரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (நானும் கேக்கல. மேசை அதிரலயே!) அந்த அதிர்வில், கால் மில்லிமீட்டரில் தொற்றிக்கொண்டிருந்த கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. ஐந்தாம் குளம் கத்தியது. நின்றது. மறுபடி கத்தியது. சைரன் கேட்டால் ஓடிப்போய் அந்தக் குளத்துச் சுவிட்சைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று சித்தப்பா தொழிலாளர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். சொன்ன சொல் தவறாமல் அவர்கள் மூன்றுக்கும் ஐந்துக்குமாக வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த மோட்டார்களை நிறுத்தினார்கள், நின்றதை ஓட்டினார்கள். நாய்கள் இரண்டும் சைரனோடு சேர்ந்து ஊளையிட்டன. நான் ஸ்குரூடிரைவரோடு மூன்றாம் குளத்துக்கு ஓடி, வழுக்கி, முழங்கால்வரை சேற்றில் இறங்கி, ஒரு காலணியை அங்கேயே தொலைத்துவிட்டுப் பெட்டியைப் போய்த் திறந்தேன்.

சில்லின் தலையில் விரலை வைத்து அழுத்தினேன். சத்தம் நின்றது.

விரலை எடுத்தேன். அலறியது.

மறுபடி வைத்தேன். நின்றது.

வேறு வழி தெரியாமல் அப்படியே நின்றேன். ஒற்றைக் காலணியோடு, ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு. தவுக்கே மெதுவாக நடந்து வந்து என் விரலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"ரொம்ப நல்ல பெட்டி" என்றார். "ஒரு பெட்டிக்கு ஒரு இஞ்சினியர் கூடவே வருமா?"

சித்தப்பா சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. என் தலைக்கு மேலாக நான்காம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஓட ஆரம்பித்தார். ஐம்பது வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அந்த அமளியில் யாரோ நான்காம் குளத்துச் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சக்கரம் நின்று எவ்வளவு நேரமானது என்று யாருக்கும் தெரியாது. உண்மையிலேயே கத்த வேண்டிய அந்த ஒரே பெட்டி வாயைத் திறக்கவில்லை. வெயில் இல்லாத காலை, காற்றும் அசையவில்லை. இறால்கள் கரையோரமாக மேலே வந்து, மீசையை நீட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன.

சித்தப்பா சுவிட்சைப் போட்டார். சக்கரம் சுழன்றது. நாங்கள் எல்லோரும் கரையில் வரிசையாக நின்று தண்ணீரையே பார்த்தோம். எனக்கு அது ஒரு மணி நேரம்போல இருந்தது. மெல்ல மெல்ல இறால்கள் கீழே இறங்கி மறைந்தன. ஒன்றிரண்டு மட்டும் மல்லாந்து மிதந்தன. சித்தப்பா உட்கார்ந்து அவற்றைக் கையால் எடுத்து ஓரமாக வைத்தார். "பரவால்ல, தப்பிச்சிடுச்சி" என்று தவுக்கேயிடம் சொன்ன குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைக் கேட்ட பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

"சித்தப்பா, பெட்டிமேல தப்பு இல்ல. என்மேலதான்" என்றேன். "நேத்தே தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் தவுக்கே, "என்ன தெரியும்?" என்றார்.

பண்ணைக் கொட்டகையில் மேசைமேல் ஒரு வெற்றுப் பலகையையும் மீந்திருந்த ஒரு சில்லையும் வைத்தேன். நன்றாகத் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அந்த மனிதர் தன் படிக்கும் கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடி மாதிரிப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

"இதுல எட்டுக் காலா? அம்மாடி! இந்தச் செம்புமேல இது நிக்கணும். நிக்கல. சரி. பொருத்தமான ஒடம்பு எது?"

சொன்னேன். மூன்று உடம்பையும் காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

"மூணுக்கும் உள்ள ஒரே மூளையா?"

"ஒரே மூளைதான்."

"அப்ப எதுக்கு மூணு ஒடம்பு?"

"கைப்பேசி மாதிரி சின்னச் சாமானுக்குச் சின்னது வேணும், தவுக்கே."

"என் பெட்டிக்குப் பெருசு பத்தாதா?"

"தாராளமா பத்தும்."

"அப்ப ஏன் சின்னது போட்ட?"

அந்த அமளிக்குப் பிறகு சித்தப்பாவும் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். பொய் சொல்ல நல்ல பொய் எதுவும் அகப்படவில்லை.

"அழகா இருக்கும்னு" என்றேன்.

தவுக்கே ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையில் கை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. "பெட்டி மூடிட்டா யாரு பாப்பா பாக்கறது? இறாலா?" சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "மூணு வாரம். கொஞ்சம் அழகு கொறவா செஞ்சு கொண்டா. அது வரைக்கும் உன் சித்தப்பாவே ஒக்காந்து சக்கரத்தப் பாக்கட்டும்."

திங்கட்கிழமை பாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "ஆரம்பத்துலேந்து வரை" என்றார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

அந்த மூன்று வாரமும் எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். கிடைத்த எல்லா அளவுச் சில்லுகளிலும் ஒவ்வொன்று கேட்டு வாங்கி வந்தேன். அவற்றின் தடங்களை உண்மையான அளவிலேயே காகிதத்தில் அச்சடித்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றையும் அதனதன் தடத்தில் வைத்துப் பார்த்தேன். அவமானத்தில் தொடங்கிய காரியம் இரண்டே நாளில் வேறு ஏதோவாகிவிட்டது. மூத்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எஸ்ஓஐசி, கால் நுனிக்குக் கால் நுனி அளந்தால் நடுவில் உள்ளதைவிடக் குறுகலாக இருந்தது! ஒரே எஸ்ஓஐசி என்ற பெயரில் ஒல்லி ஒன்றும் பருமன் ஒன்றும் இருந்தன. கால்களே வெளியில் தெரியாமல் வயிற்றுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்ட ஒரு வகையும் இருந்தது. மூன்று கால் சாமான் ஒன்றுக்கு அச்சு அசலாக ஒரு குட்டித் தம்பி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் யார் யார் என்று தெரியும். ஒரு நாள் மேசையிலிருந்து காணாமல்போன அந்தத் தம்பியை இரண்டு மணி நேரம் தேடினோம். வேலை முடிந்து வந்து மேசையில் முழங்கையை ஊன்றித் தேத்தண்ணி குடித்த அப்பாவின் முழங்கையில் ஒட்டியிருந்தது.

"எறும்புன்னு நெனச்சு நசுக்கப் பாத்தேன்மா" என்றார் அப்பா.

புதிய பலகையில் மூத்ததைத்தான் போட்டேன். அது கிடைக்காத காலத்துக்கு உதவட்டும் என்று அதன் பக்கத்திலேயே எம்எஸ்ஓபிக்கும் ஒரு தடம் வரைந்து இணைத்து வைத்தேன். ஈயம் வைக்கும் முன் அம்பிகா அக்கா நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "எட்டுது" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டிகளை இரண்டு நாள் ஓடும் மோட்டாரின் முதுகில் கட்டி வைத்துச் சோதித்த பிறகே, இன்னொரு சனிக்கிழமை, பண்ணைக்குக் கொண்டுபோனேன். இந்த முறை ஐந்தும், கத்த வேண்டிய நேரத்தில் கத்தின, மற்ற நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தன. பண்ணை முழுவதும் இன்றைக்கும் அவைதான் தொங்குகின்றன. தொலைந்த காலணி மட்டும் கிடைக்கவே இல்லை. அறுவடைக்குக் குளத்தை வற்றவிட்டும் தேடிப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் சொந்தக்காரர்களுக்கு அந்த இரண்டாவது சனிக்கிழமை தேவையே இல்லை. முதலாவதைத்தான் சித்தப்பா எல்லோருக்கும் நடித்துக் காட்டியிருக்கிறார். அதனால் எங்கள் குடும்பத்தில் எந்தக் கருவி எங்கே கத்தினாலும் உடனே ஒரு குரல் எழும்பும்: "பவானி எங்க? வந்து வெரல வைக்கச் சொல்லு!" பிறந்தநாள் வீட்டில் புகை எச்சரிக்கை கூவினாலும் சரி, வாசலில் யாருடைய கார் அலறினாலும் சரி. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை வீட்டாரிடம்கூட இதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்தினார்கள்.

போன மாதம் கோலா குபு பாருவில் ஒரு மண்டபத்தில் சித்தப்பா மகளின் கல்யாணம். தாலி கட்டும் நேரம் நெருங்க, ஒலிபெருக்கி காது கிழியக் கீச்சிட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். முந்நூறு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து என் கணவர் எழுந்து, சத்தமாக, "பவானி, போ!" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது.

போனேன். ஒலிபெருக்கிப் பெட்டியின் பின்னால் ஒரு ஒயர் தளர்ந்திருந்தது. விரலால் அழுத்தினேன். சத்தம் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். ஐயர் கையசைத்தார், கெட்டிமேளம் முழங்கியது, தங்கை கழுத்தில் தாலி ஏறியது.

அதை நான் பார்க்கவில்லை. விரலை எடுக்க முடியாமல் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ஒலிபெருக்கிக்காரர் டேப் வாங்கப் போய் வந்து சேர்வதற்குள் முதல் பந்தி முடிந்துவிட்டது. கல்யாண வீடியோவில் ஒரே ஓர் இடத்தில்தான் நான் வருகிறேன். சித்தப்பா ஒரு வாழையிலைத் துண்டில் கேசரி கொண்டுவந்து, பெட்டிக்குப் பின்னால் குனிந்து, யாருக்கோ ஊட்டிவிடுகிறார்.